வருமானம் நின்ற வீட்டுக்கு யாழ்ப்பாணத்தில் எந்தக் கதவு திறக்கும்? அடகுக் கவுண்டர் முதல் அஸ்வெசும வரை ஒரு மதிப்பீடு

சம்பளம் நின்ற வீட்டுக்கு அரை மணித்தியாலத்துக்குள் காசு தரக்கூடிய இடம் யாழ்ப்பாணத்தில் ஒன்றுதான்: வங்கியின் அடகுக் கவுண்டர். அடையாள அட்டையும் நகையும் இருந்தால் போதும். பிணைக்கு ஆள் வேண்டாம், சம்பளத் துண்டு வேண்டாம், எதற்குக் காசு என்றும் கேட்கமாட்டார்கள். சேவை என்று மட்டும் பார்த்தால், ஆஸ்பத்திரி வீதியில் இதைவிடச் சுறுக்காக நடக்கிற அலுவல் இன்னொன்றைக் காட்டுவது கஷ்டம். சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. லேசாகக் கிடைப்பதால் எல்லாரும் முதலில் அங்கே போகிறார்கள். வட்டியில்லாமல் தங்களுக்கே சேரவேண்டிய காசு இன்னொரு கந்தோரில் கிடக்க, வட்டிக்கு வாங்கி உலை வைக்கிறார்கள். கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தால் ஒரு விசயம் தெளிவு: எது வேகமாகத் திறக்கிறதோ அதற்குத்தான் விலை அதிகம்.

அடகுக் கவுண்டர்

கவுண்டரில் நடப்பது இதுதான். நகையை வாங்கி முதலில் முழு நிறை பார்ப்பார்கள். பிறகு உரைகல்லில் ஒரு கீறு இழைத்து, அமிலம் விட்டு மாற்றுப் பார்ப்பார்கள். கல், முத்து, உள்ளே வைத்த அரக்கு, கோத்த நூல் எல்லாவற்றுக்கும் ஒரு கழிவு போடுவார்கள். மிஞ்சுவதுதான் தேறிய நிறை, காசு அதற்குத்தான். செய்கூலிக்கு ஒரு சதமும் கிடையாது. அதனால் கல் பதித்த அட்டியலும் பதக்கமும் வாங்கும்போது எவ்வளவு விலை போயிருந்தாலும் கவுண்டரில் நட்டப்படும். கொண்டுபோக ஏற்றது வெறும் தங்கமான காப்பும் சங்கிலியும். தராசின் இலக்கம் தெரியாவிட்டால் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. கொடுக்குமுன் நகையைப் போனில் இரண்டு பக்கமும் படம் எடுத்துவைப்பதும், அடகுச் சீட்டில் இரண்டு நிறையும் எழுதியிருக்கிறதா என்று அங்கேயே நின்று பார்ப்பதும் நல்லது.

பெரும்பாலானோர் விடும் பிழை, நாலு காப்பையும் ஒரே சீட்டில் வைப்பது. நாலு பவுணுக்கு நாலு இலட்சம் என்று ஒரு சீட்டு எழுதினால், ஒரு காப்பையாவது வெளியே எடுக்க நாலு இலட்சமும் வட்டியும் ஒருசேர வேண்டும். இடைக்கிடை கடன் தொகையில் ஒரு பகுதியைக் கட்டலாம், ஆனால் கடைசி ரூபா கட்டும்வரை நாலும் உள்ளேதான். அதையே ஒவ்வொரு இலட்சமாக நாலு சீட்டு எழுதினால் ஒவ்வொன்றாக மீட்கலாம். ஒன்று ஏலத்துக்குப் போகிற நிலை வந்தாலும் மற்ற மூன்றும் தப்பும். கவுண்டரில் இருப்பவர் தானாகத் தனித்தனிச் சீட்டு எழுதமாட்டார், அவருக்கு வேலை கூடும். நாம்தான் கேட்கவேண்டும்.

அடுத்தது தொகை. பவுணுக்கு இவ்வளவு தரலாம் என்று உச்சத் தொகை ஒன்று சொல்வார்கள். அதை முழுதாக எடுப்பவர் வருட முடிவில் மாட்டுவார், ஏனென்றால் சீட்டைப் புதுப்பிக்க வட்டியைக் கையில் இருந்து கட்டவேண்டும். உச்சத்தின் பாதியையோ அறுபது வீதத்தையோ எடுத்தவருக்கு, தங்க விலை இறங்காவிட்டால், வட்டியையும் சேர்த்து மறு சீட்டு எழுத இடம் இருக்கும். அது சரியான வழி என்று சொல்லவில்லை. நகை ஏலத்துக்குப் போவதைவிட அது பரவாயில்லை, அவ்வளவுதான்.

வட்டி வங்கிக்கு வங்கி வேறு, மாதத்துக்கு மாதமும் மாறும். ஆகவே கணக்கை மட்டும் பாருங்கள். இரண்டு இலட்சத்துக்கு வங்கியில் ஆண்டுக்கு 16 வீதம் என்றால் வருடத்துக்கு 32,000 ரூபா. தனியார் அடகுக்கடை ஒன்றில் மாதம் இரண்டரை வீதம் என்றால் 60,000. 'இரண்டரைதானே' என்று காதில் விழுவது ஆண்டுக்கு 30 வீதம். மாத வட்டி சொல்லும் எந்த இடத்திலும் 12ஆல் பெருக்காமல் கையெழுத்து வைக்கக்கூடாது. இன்னொன்றும் கேளுங்கள்: பத்து நாளில் மீட்டால் பத்து நாள் வட்டியா, முழு மாத வட்டியா? குறுகிய தேவைக்கு வைப்பவர்களுக்கு இந்த ஒரு கேள்வியே சில ஆயிரங்களை மிச்சப்படுத்தும்.

தவணை முடியும் நாளைக் கலண்டரில் போடுவதோடு, சீட்டில் உள்ள விலாசம் இப்போதைய விலாசமா என்றும் பாருங்கள். ஏல அறிவித்தல் அந்த விலாசத்துக்குத்தான் போகும். வீடு மாறியவர்கள் நகையை இழப்பது பெரும்பாலும் இப்படித்தான். ஏலத்தில் கடனும் வட்டியும் செலவும் போக மிஞ்சுவது நகைக்காரருக்குச் சேரவேண்டிய காசு. அதைத் தேடிக்கொண்டு யாரும் வீட்டுக்கு வரமாட்டார்கள், போய்க் கேட்கவேண்டும்.

இனிப் பலருக்குப் பிடிக்காத ஒன்று. ஒரு வருடத்துக்குள் வருமானம் திரும்பும் என்று உறுதியாகச் சொல்ல முடியாத வீடு, நாலு பவுணை அடகு வைப்பதைவிட ஒரு பவுணை விற்பது புத்தி. விற்றால் ஊர் என்ன சொல்லும் என்ற பயத்தில் அடகு வைத்து, இரண்டு வருடம் 16 வீதப்படி வட்டி கட்டி, அதன் பிறகும் மீட்க முடியாமல் விடும் வீடு, கடன் தொகையில் மூன்றில் ஒரு பங்கை வட்டியாகக் கொடுத்துவிட்டு நகையையும் இழக்கிறது. கஸ்தூரியார் வீதியில் இரண்டு மூன்று நகைக்கடையில் விலை கேட்டு, எவ்வளவு கழிக்கிறார்கள் என்று ஒப்பிட்டு, வாங்கிய பற்றுச்சீட்டோடு விற்பதில் மானக்கேடு ஒன்றும் இல்லை. தாலிக்கொடியைக் கடைசிக்கு வைப்பது நம் வழக்கம். அது மனசைப் பற்றிய விசயம், அதில் கணக்கு நுழையத் தேவையில்லை.

வட்டியில்லாத காசு

கடையிலோ கம்பனியிலோ வேலை பார்த்தவருக்கு அடகுக் கவுண்டருக்கு முன்னால் போகவேண்டிய இடம் ஈ.ரி.எப், அதாவது ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம். இலங்கையில் வேலையிழந்தவருக்கு மாதாமாதம் காசு தரும் காப்புறுதி எதுவும் கிடையாது. அந்த இடத்தை ஓரளவு நிரப்புவது இதுதான். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி, முதலாளி தன் கைக்காசில் சம்பளத்தின் 3 வீதத்தை மாதந்தோறும் இந்த நிதியத்துக்குக் கட்டவேண்டும். வேலை நின்றதும், வயது என்னவாக இருந்தாலும், அதை எடுக்கலாம். ஒருமுறை எடுத்தால் அடுத்த முறைக்கு ஐந்து வருடம் பொறுக்கவேண்டும்.

இதோடு பலர் மறப்பது பணிக்கொடை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம்: 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்த இடம், ஐந்து வருடமோ அதற்கு மேலோ சேவை. மாதச் சம்பளக்காரருக்குச் சேவை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தின் அரை மாதம், மற்றவர்களுக்கு 14 நாள் கூலி. வேலையைத் தானாக விட்டவருக்கும் உண்டு. வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்காவிட்டால் முதலாளி மேலதிகக் கட்டணமும் கட்டவேண்டிவரும்.

கணக்குப் பாருங்கள். மாதம் 60,000 ரூபாவுக்கு ஆறு வருடம் வேலை செய்த ஒருவர் என்று வைப்போம். சம்பளம் முழுக்க அதே அளவில் இருந்ததாக எடுத்தால் ஈ.ரி.எப் மாதம் 1,800, ஆறு வருடத்துக்கு 129,600, வட்டி வேறு. பணிக்கொடை 30,000 தர ஆறு, 180,000. இரண்டும் சேர்ந்து மூன்று இலட்சத்துக்கு மேல். மூன்று பவுணை அடகு வைக்குமுன் கேட்டு எடுத்திருக்கவேண்டிய காசு இது.

ஈ.பி.எப், அதாவது ஊழியர் சேமலாப நிதியம், வேறு. ஊழியர் 8, முதலாளி 12, ஆக 20 வீதம் அங்கே சேர்கிறது, ஆனால் வேலை போனது மட்டும் அதை எடுக்கக் காரணமாகாது. ஆணுக்கு 55 வயது, பெண்ணுக்கு 50. பெண்கள் திருமணத்தை முன்னிட்டு வேலையை விட்டால் முன்னமே எடுக்கலாம். '30 வீதம் எடுக்கலாமாம்' என்ற கதையை நம்பித் தொழில் அலுவலகத்துக்குப் போய்த் திரும்புபவர்கள் பலர். அந்த 30 வீதம் வீட்டுத் தேவைக்கும் வைத்தியத்துக்கும் உரியது, அதற்கும் பத்து வருட அங்கத்துவமும் கணக்கில் குறைந்தது மூன்று இலட்சமும் வேண்டும். அரிசி வாங்க அது உதவாது.

எங்கே சறுக்கும்? முதலாவது, பெயர். அடையாள அட்டையில் ஒரு எழுத்துக்கூட்டல், முதலாளி அனுப்பிய பட்டியலில் இன்னொன்று, வங்கிப் புத்தகத்தில் தகப்பன் பெயர் முன்னுக்கா பின்னுக்கா என்று மூன்றாவது. நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது வருகிற இந்தக் குழப்பம்தான் விண்ணப்பம் திரும்பி வருவதற்குப் பெரிய காரணம். வேலையில் இருக்கும்போதே மூன்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பது மேல். இரண்டாவது, முதலாளி கழித்த ஈ.பி.எப் காசைக் கட்டாமல் விட்டிருப்பது. சம்பளத் துண்டில் கழித்திருக்கும், நிதியத்தில் இராது. சம்பளத் துண்டுகள், நியமனக் கடிதம், வங்கிக்குச் சம்பளம் வந்த பதிவு, எதுவாவது இருந்தால் தொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறையிடலாம். பிந்திக் கட்டும் ஈ.பி.எப் காசுக்கு முதலாளி 5 வீதத்திலிருந்து 50 வீதம்வரை மேலதிகம் கட்டவேண்டும் என்பதால், முறைப்பாட்டுக்குப் பிறகு சிலர் தாங்களாகவே வழிக்கு வருவதும் உண்டு.

மூன்றாவது கையெழுத்து. 'ஆள் குறைக்கிறோம், சுயவிருப்பில் விலகுவதாக ஒரு கடிதம் தாங்கோ' என்று கேட்டால் உடனே கொடுக்காதீர்கள். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஆளை நிறுத்துவதற்கு, 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியரின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியோ வேண்டும். அந்த வழியில் நட்டஈடு வரும். விலகல் கடிதத்தில் கையெழுத்து விழுந்தால் அந்தப் பேச்சே எழாது. முறையிட ஆறு மாதம்தான் இருக்கிறது. தொழில் நியாய சபைக்குப் போவதானாலும் அதே ஆறு மாதம். 15 பேருக்குக் குறைந்த கடை என்றால் பணிக்கொடையைக் கேட்பதும் நியாய சபை வழியாகத்தான். சட்டத்தரணிக்குக் காசில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையம் இருக்கிறது.

மேசன், கடற்றொழில், தோட்டக்கூலி என்று நாட்சம்பளத்தில் ஓடிய வீட்டுக்கு இந்தப் பகுதி முழுவதும் பூச்சியம். அவர்களுக்குக் கீழே உள்ளவைதான்.

தவணை கட்ட முடியாதபோது

வங்கிக் கடனோ லீசிங்கோ இருந்தால், முதல் தவணை தவறுமுன் முகாமையாளருக்கு ஒரு கடிதம் கொடுக்கவேண்டும். வாயால் சொன்னது கணக்கில் இல்லை. கடிதத்தில் நாலு விசயம் போதும்: வருமானம் நின்ற திகதி, அதற்கான சான்று, இப்போது மாதம் கட்டக்கூடிய தொகை, எத்தனை மாதம் வேண்டும். இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் திகதி முத்திரை வாங்கி வையுங்கள். 90 நாள் தவறினால் கடன் செயலற்ற கடன் என்ற வகைக்குள் விழும், அதன் பிறகு முகாமையாளருக்கும் கை கட்டுப்பட்டுவிடும். கடன் தகவல் பணியகத்தில், ஊர்ப் பேச்சில் 'கிறிப்'பில், பதிவும் ஏறும்.

சலுகைக்காலம் தருகிறோம் என்றால் உடனே மகிழ வேண்டாம். தவணை நிற்கும், வட்டி நிற்காது. ஐந்து இலட்சம் மீதி, 15 வீதம் என்றால் ஆறு மாதத்துக்கு 37,500 ரூபா ஏறும். அது முதலோடு சேர்ந்து வட்டிக்கு வட்டியாகுமா, தனியாக நிற்குமா என்று கேளுங்கள். முடிந்தால் வட்டியை மட்டுமாவது கட்டிக்கொண்டு முதலை நிறுத்தச் சொல்வதே மலிவு. வங்கியோடு எழுத்தில் பேசியும் பதில் வராவிட்டால் மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கு எடுக்கலாம். நிதி ஒம்புட்ஸ்மனுக்கும் எழுதலாம், அதற்குக் கட்டணம் இல்லை.

ஒரு வார்த்தை பிணைகாரரைப் பற்றி. யாழ்ப்பாணத்தில் கடன் பிணை என்றால் அநேகமாக ஒரு ஆசிரியரோ கந்தோர் உத்தியோகத்தரோ, சொந்தமாகவோ பக்கத்து வீடாகவோ இருப்பார். தவணை தவறினால் கடிதம் அவருக்கும் போகும், அவருடைய பதிவும் கெடும். வங்கி சொல்லுமுன் நீங்கள் போய்ச் சொல்லுங்கள். பல குடும்பங்களில் காசைவிடப் பெரிய பகை இதில்தான் விளைகிறது.

கிழமைக் கடன்

இந்த மதிப்பீட்டில் ஆகக் குறைந்த புள்ளி இதற்குத்தான். நுண்கடன் கம்பனிக்காரர் வீட்டு வாசலுக்கே வருகிறார், நகை கேட்பதில்லை, காணி உறுதி கேட்பதில்லை. ஒழுங்கையில் உள்ள நாலைந்து பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை நின்றால் போதும். வருமானம் உள்ள வீட்டுக்கு, கோழி வளர்க்கவோ தையல் மெசின் வாங்கவோ அது பயன்படலாம். வருமானம் நின்ற வீட்டுக்கு அது கழுத்தில் கட்டிய கல்.

ஒரு இலட்சம், 52 கிழமை, '24 வீதம்' என்கிறார்கள். 124,000ஐ 52ஆல் பிரித்தால் கிழமைக்கு 2,385 ரூபா. முதல் கிழமையிலிருந்தே கடன் தொகை குறைந்துகொண்டு வருகிறது, வட்டியோ முழு இலட்சத்துக்கும் எடுக்கப்படுகிறது. குறையும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால் ஆண்டுக்கு 44 வீதத்தை ஒட்டி வரும். சொன்னதும் கட்டுவதும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம். இதைக் கட்ட இன்னொரு கம்பனியில் எடுப்பது, அதைக் கட்ட மூன்றாவது. அந்தச் சங்கிலியின் கடைசியில் நிற்பவர் கொள்ளை வட்டிக்குக் கொடுக்கும் மீற்றர் வட்டிக்காரர். மாதம் ஐந்து வீதம் என்றாலே ஆண்டுக்கு 60, அதோடு வெற்றுக் காசோலையிலோ வெற்றுத் தாளிலோ கையெழுத்தும் வாங்கிவிடுவார். வெற்றுத் தாளில் கையெழுத்து வைத்துக் காசு வாங்குவதைவிட நகையை விற்பது எப்போதும் மேல்.

கையில் ஏற்கெனவே கிழமைக் கடன் இருந்தால், 16 வீத அடகில் காசெடுத்து அதை முடிப்பது சில வேளை சரியான கணக்கு. ஆனால் முதலில் ஒன்றைக் கேட்கவேண்டும். மேற்சொன்ன கடனில் 26 கிழமை கட்டியபின் மிச்சத் தவணைகள் 62,000. அதில் 12,000 இனி வரப்போகும் வட்டி. இன்றைக்கு முழுவதும் கட்டினால் அந்த 12,000இல் எவ்வளவு கழிப்பீர்கள் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஒன்றும் கழிக்கமாட்டோம் என்றால் முடிப்பதில் இலாபம் இல்லை, அப்படியே கிழமைக் கிழமையாகக் கட்டுங்கள்.

2016இல் நுண்நிதிச் சட்டம் வந்தது. 2018இல், வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட கடன்களுக்கு அரசாங்கம் தள்ளுபடி ஒன்றையும் அறிவித்தது. இன்னொரு தள்ளுபடி வரும் என்று தேர்தல் காலத்தில் கதை வரும். அதை நம்பித் தவணையை விடுவது ஆபத்து. கம்பனி மத்திய வங்கியில் பதிந்ததா என்று அதே 1935இல் கேட்டால் சொல்வார்கள்.

இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டியது ஊர்ச் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம். வடக்கில் கூட்டுறவு வேரோடிய ஒன்று. யாழ் நகரின் வீரசிங்கம் மண்டபம் ஒரு கூட்டுறவாளரின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. சங்கத்தில் பங்குப்பணம் கட்டி, மாதாமாதம் சேமித்து வருபவருக்குச் சேமிப்பின் அளவைப் பொறுத்து, இரண்டு அங்கத்தவர் பிணையில் கடன் கிடைக்கும். வட்டி கம்பனியைவிட நன்றாகக் குறைவு, நிர்வாகத்தில் இருப்பவர்கள் தெரிந்த முகம், நிலைமையைச் சொன்னால் தவணையைத் தள்ளிப் போடுவார்கள். குறை ஒன்று: வேலை போனபிறகு சேர்ந்து மறுநாள் கடன் கேட்க முடியாது. சங்கத்துக்குச் சங்கம் தரமும் வேறு. கணக்காய்வு நடந்ததா, வருடாந்தப் பொதுக்கூட்டம் ஒழுங்காய்க் கூடுகிறதா என்று விசாரித்துவிட்டுச் சேருங்கள்.

ஊருக்குள் சேர்ந்து பிடிக்கும் சீட்டுக்குக் காசு கட்டிக்கொண்டு வந்தவர்கள் இடையில் நிறுத்துவதுதான் பெரிய தகராறு. சீட்டை எடுக்காதவர் என்றால் மிச்சத்தைக் கட்ட இன்னொருவரை மாற்றிவிடச் சீட்டுப் பிடிப்பவரோடு பேசலாம். எடுத்தவர் என்றால் அது கடன்தான், மற்ற எல்லாச் செலவுக்கும் முன்னால் கட்டுங்கள். ஊரில் அந்தப் பெயர் போனால் பிறகு எந்தக் கதவும் திறக்காது.

அஸ்வெசும

வறிய வீடுகளுக்கு அரசாங்கம் மாதாமாதம் காசு தரும் திட்டம் இது, முந்திய நிவாரணமான சமுர்த்தியின் இடத்தில் 2023 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருப்பது. 2025 தொடக்கத்திலிருந்து மிகவும் வறிய வகைக்கு மாதம் 17,500 ரூபாவும் வறிய வகைக்கு 10,000 ரூபாவும் கொடுக்கப்படுகிறது. இவற்றுக்கு மேலே இரண்டு வகைகளுக்குக் குறைந்த தொகை, குறித்த காலத்துக்கு. திருப்பிக் கட்டத் தேவையில்லாத காசு. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முந்திய காலத்துப் 'பிச்சைச் சம்பளம்' என்ற பெயர் மனசில் இருப்பதால், தகுதி உள்ள வீடுகளும் விண்ணப்பிக்காமல் இருந்துவிடுகின்றன.

ஆனால் இது அவசர உதவி அல்ல. சுற்றுச் சுற்றாக விண்ணப்பம் கோருவார்கள், வீட்டுக்கு வந்து விபரம் எடுப்பார்கள், பட்டியல் வரும், மேன்முறையீடும் ஆட்சேபனையும் நடக்கும். நேற்று வேலை போனவருக்கு அடுத்த மாதம் கிடைக்காது. தெரிவு 22 குறிகாட்டிகளில்: கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு. இங்கேதான் நம் ஊரின் ஒரு வினோதம் இடிக்கிறது. பரம்பரைக் கல்வீடு, ஓடாத ஒரு பழைய வாகனம், வெளிநாட்டில் இருப்பவர் பெயரில் பக்கத்து வளவு. உள்ளே உலை கொதிக்காது, தாளில் அது வசதியான வீடு. விபரம் எடுக்க வரும்போது வளவு யார் பெயரில், வாகனம் ஓடுகிறதா இல்லையா என்பதைச் சொல்லிச் சான்றும் காட்டவேண்டும். பொய் சொல்லவும் வேண்டாம், ஆட்சேபனையில் வெளியே வந்துவிடும்.

முதலில் விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) போய் உங்கள் வீடு பதிவில் இருக்கிறதா, அடுத்த சுற்று எப்போது என்று கேளுங்கள். பிறகு பிரதேச செயலகம். யாழ் மாவட்டத்தில் 15 பிரதேச செயலகங்கள் இருக்கின்றன, உங்கள் பிரிவு எதற்குள் வருகிறதோ அங்கேதான் நடக்கும், கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) அலைவதில் பயனில்லை. நலன்புரி நன்மைகள் சபையின் இலக்கம் 1924. தெரிவானபிறகும் காசு வராமல் நிற்பது பெரும்பாலும் வங்கிக் கணக்கால்: அடையாள அட்டைப் பெயரும் கணக்குப் பெயரும் பொருந்தாதது, நீண்ட காலம் பாவிக்காமல் கணக்கு முடங்கியிருப்பது, கூட்டுக் கணக்கைக் கொடுத்திருப்பது. 70 வயதைத் தாண்டியவர், சிறுநீரக நோயாளர், மாற்றுத்திறனாளி வீட்டில் இருந்தால் அவர்களுக்கான கொடுப்பனவு தனியானது, அதையும் அதே மூச்சில் கேளுங்கள்.

வீட்டுக்குள் இருக்கும் காசு

மின்சாரப் பட்டியல்தான் முதல் இடம். வீட்டுக் கட்டணத்தில் மாதம் 60 அலகு ஒரு வேலி. 60க்குள் நின்றால் முதல் 30 அலகுக்கு ஒரு மலிவு விலை, அடுத்த 30க்கு இன்னொன்று. 61ஆவது அலகு விழுந்ததும் அந்த மலிவு விலைகள் போய், முதல் அலகிலிருந்தே கூடிய விலையில் கணக்கிடுவார்கள், நிலையான கட்டணமும் ஏறும். அதனால் 58க்கும் 64க்கும் இடையில் உள்ள வித்தியாசம் ஆறு அலகின் விலை அல்ல, அதைவிடப் பல மடங்கு. மீற்றர் வாசிப்பாளர் வந்த நாளைக் குறித்துவைத்து, பதினைந்தாம் நாள் மீற்றரை நீங்களே பாருங்கள். 30ஐத் தாண்டியிருந்தால் மிச்ச நாளில் இஸ்திரிக்கைப் பெட்டியையும் தண்ணீர் மோட்டரையும் குறைக்க நேரம் இருக்கும். கிணற்றிலிருந்து தொட்டிக்கு ஏற்றும் மோட்டரின் கால் வால்வு கசிந்தால் மோட்டர் ஓடிக்கொண்டே இருக்கும், தண்ணீர் ஏறாது. அதை மாற்றும் செலவு ஒரு மாதப் பட்டியலிலேயே திரும்பிவிடும்.

ரியூசன் காசு இரண்டாவது. சாதாரணதரம், உயர்தரம் படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் சாப்பாட்டுக்கு அடுத்த பெரிய செலவு இதுதான். பிள்ளையை மறிக்காமல், நேரே ஆசிரியரிடம் நிலைமையைச் சொல்லுங்கள். காசு வாங்காமல் இருத்துவதும் பாதியாக்குவதும் யாழ்ப்பாணத்தில் புதிதல்ல, யாருக்கும் தெரியாமல் செய்கிறவர்கள் நிறைய. பாடம் ஐந்துக்கும் போகிற பிள்ளை எந்த இரண்டில் வகுப்பில்லாமல் சமாளிக்கும் என்று பிள்ளையையே கேட்பதும் நல்லது.

மருந்து மூன்றாவது. சீனி வருத்தத்துக்கும் பிரசருக்கும் தனியார் சனலில் காசு கொடுத்து வைத்தியருக்குக் காட்டுபவர்கள் போதனா வைத்தியசாலைக் கிளினிக்குக்கோ பக்கத்து ஆதார வைத்தியசாலைக்கோ மாறலாம். விடிய வெள்ளெனப் போய் நிற்கவேண்டும், ஒரு பகல் போகும், ஆனால் மருந்து இலவசம். பழைய மருந்துச் சீட்டுகளையும் பரிசோதனை அறிக்கைகளையும் கொண்டுபோனால் எல்லாப் பரிசோதனையும் முதலிலிருந்து எடுக்கத் தேவை வராது. ஒரு மருந்து அங்கே கையிருப்பில் இல்லாவிட்டால் அதை மட்டும் வெளியே வாங்குங்கள்.

கொண்டாட்டக் கணக்கு பலர் கொப்பியில் எழுதாதது. ஆவணி, தை மாதங்களில் கலியாணமும் சாமத்தியவீடும் குடிபுகுதலும் அடுத்தடுத்து வரும், ஒவ்வொன்றுக்கும் என்வலப். செத்தவீட்டுக்கு ஆளாகப் போய் நில்லுங்கள், வேலைக்கு உதவுங்கள். கொண்டாட்டத்துக்கு ஆசீர்வாதம் போதும்.

சாப்பாட்டில் வெட்டக்கூடியது நினைப்பதைவிடக் குறைவு, வெட்டக்கூடாதது பிள்ளைகளின் முட்டையும் நெத்தலியும் பருப்பும். கடைப் பாணையும் பிஸ்கற்றையும் நிறுத்தி, அரிசிமாப் பிட்டுக்கும் குரக்கனுக்கும் திரும்பலாம். வளவு முருங்கை இலவசம். திருநெல்வேலிச் சந்தையிலும் மருதனார்மடத்திலும் பொழுதுபட விலை இறங்கும்.

வெளிநாட்டில் இருப்பவர்கள்

அண்ணை கனடாவில், மச்சாள் பிரான்சில் என்று இருக்கும் வீட்டில் அடகுக்கும் முன்னால் ஒரு போன் எடுப்பார்கள். இந்தக் கதவுக்கும் ஒரு பாவனை முறை இருக்கிறது. 'கஷ்டமாய்க் கிடக்கு' என்று பொதுவாகச் சொன்னால் ஒருமுறை ஒரு தொகை வரும், பிறகு போன் எடுப்பது குறையும். 'பிள்ளையின் வகுப்புக் காசு மாதம் இவ்வளவு, பரீட்சை முடியும்வரை எட்டு மாதம்' என்று சொன்னால், கொடுப்பவருக்கு முடிவு தெரியும், அந்த எட்டு மாதமும் வரும். ஊர் ஒன்றியங்களும் பழைய மாணவர் சங்கங்களும் இதே போலத்தான். வீட்டுச் செலவுக்குத் தயங்குவார்கள், படிப்புக்கும் வைத்தியத்துக்கும் கொடுப்பார்கள். பாடசாலை அதிபரின் கடிதமோ வைத்திய அறிக்கையோ சேர்த்து அனுப்புங்கள்.

காசு வரும் வழியையும் பாருங்கள். உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே கைமாறும் வழியில், சில ரூபா கூடக் கிடைக்கலாம், ஆனால் பற்றுச்சீட்டும் பதிவும் இல்லை, இடையில் நின்றால் கேட்பதற்கு ஆளும் இல்லை. வங்கிக் கணக்குக்கு மாதாமாதம் வரும் காசு கூற்றில் நிற்கும். தவணையை மாற்றி எழுதக் கேட்டு முகாமையாளர் முன்னால் உட்காரும்போது, 'மாதம் இவ்வளவு கட்டுவேன்' என்ற சொல்லுக்குச் சாட்சியாக மேசையில் வைக்க அந்தக் கூற்று இருக்கும்.